உச்சந்தலைக் கணக்கு

உச்சந்தலையில் ஓர் அங்குல விட்டத்தில் ஒரு வட்டம். அதன் நடுவில் பச்சை குத்திய சிறு புள்ளி. வட்டத்துக்குள் இருக்கும் முடியை ஒட்டக் கத்தரித்து, கேமராவை நெருக்கத்தில் வைத்துப் படம் எடுத்தார்கள். படத்தைப் பெரிதாக்கி, முடிக்கு ஒரு புள்ளி என்று வைத்து எண்ணினார்கள். சராசரியாக 876 முடி இருந்தது. ஓராண்டு கழித்து அதே பச்சைப் புள்ளியைத் தேடிப் பிடித்து, அதே வட்டத்தை மறுபடி எண்ணினார்கள். அதற்கடுத்த ஆண்டும் எண்ணினார்கள்.

ஃபினாஸ்டரைடு என்ற மாத்திரை ஆண்களின் வழுக்கையைத் தடுக்கிறதா என்று 1990-களில் மெர்க் நிறுவனம் சோதித்துப் பார்த்த விதம் இது. 18 முதல் 41 வயது வரையிலான 1,553 ஆண்கள் ஆய்வில் சேர்ந்தார்கள். ஒரு தரப்புக்குத் தினமும் 1 மில்லிகிராம் மருந்து, மற்றொரு தரப்புக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. யாருக்கு எது கிடைத்தது என்பது சாப்பிட்டவருக்கும் தெரியாது, எண்ணியவருக்கும் தெரியாது. ஓராண்டு முடிவில் அந்த அங்குல வட்டத்தில் இரு தரப்புக்கும் இடையே 107 முடி வித்தியாசம் இருந்தது. இரண்டாம் ஆண்டில் அது 138 ஆனது. ஐந்து ஆண்டுகள் தொடர்ந்தவர்களிடம் 277. முதல் இரண்டு ஆண்டு முடிவுகளை வைத்தே, 1997 டிசம்பரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இந்த மாத்திரைக்கு அனுமதி அளித்துவிட்டது. அதற்கு முன் ஆண் வழுக்கைக்கென்று வாய்வழி மருந்து எதுவும் அங்கே ஒப்புதல் பெற்றதில்லை.

இந்த எண்களைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும். மாத்திரை சாப்பிட்டவர்களின் முடி எண்ணிக்கை முதல் ஆண்டில் உச்சத்தைத் தொட்டது. பிறகு மெல்ல இறங்கவே செய்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கோ ஆண்டுக்கு ஆண்டு வேகமாகக் குறைந்துகொண்டே போனது. 277 என்ற பெரிய எண் அங்கிருந்துதான் வருகிறது. ஐந்தாம் ஆண்டில், வெற்று மாத்திரைக் குழுவில் முடி குறையாத ஆள் ஒருவர்கூட இல்லை. மருந்து சாப்பிட்டவர்களில் 65 சதவீதம் பேருக்கு ஆரம்பத்தில் இருந்த எண்ணிக்கையாவது தங்கியது. ஆக, இந்த மாத்திரையின் பலம் போன முடியை மீட்டுத் தருவதில் அதிகம் இல்லை. இருக்கும் முடியைக் காப்பதில்தான் இருக்கிறது. இது தெரியாமல் மாத்திரையைத் தொடங்குகிறவர்கள் நான்கைந்து மாதம் கண்ணாடியைப் பார்த்துவிட்டு ஏமாற்றத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். பலன் தெரிகிறதா இல்லையா என்று சொல்லவே ஓராண்டு வேண்டும்.

நம் ஊரில் முடி கொட்டினால் முதல் பழி தண்ணீருக்கு. சென்னைக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போன பையன் ஆறு மாதத்தில் முன்நெற்றி ஏறி வந்தால், ‘அந்த ஊர்த் தண்ணி ஒத்துக்கல’ என்பார்கள். அடுத்த பழி ஹெல்மெட்டுக்கு. அதற்கடுத்து இரவு விழிப்பு, ஷாம்பு. நெற்றியின் இரு ஓரமும் ஏறி, உச்சி வெளுத்து, பின்தலையும் காதோரமும் மட்டும் அடர்த்தியாக நிற்கும் வழுக்கைக்கு இவை எதுவும் காரணம் இல்லை. அது பரம்பரையும் ஆண் ஹார்மோனும் சேர்ந்து செய்யும் வேலை. இருபது வயதுக்கு முன்பேகூடத் தொடங்கலாம். டெங்குவோ சிக்குன்குனியாவோ வந்துபோன இரண்டு மூன்று மாதத்தில் சீப்பு நிறைய முடி வருவது வேறு கதை. அது தலை முழுவதும் பரவலாக உதிரும். பெரும்பாலும் தானாகவே திரும்ப வளரும். அதற்கு ஃபினாஸ்டரைடு தேவையில்லை.

இரண்டையும் பிரித்தறிய தோல் மருத்துவர் டெர்மாஸ்கோப் என்ற கையடக்கக் கருவியைத் தலைமேல் வைத்துப் பார்ப்பார். வெளிச்சமும் பூதக்கண்ணாடியும் சேர்ந்த கருவி அது. பின்தலையில் வைத்தால் முடிகள் ஏறக்குறைய ஒரே தடிமனில் தெரியும். உச்சிக்கு நகர்த்தினால் காட்சி மாறும். தடித்த முடிக்குப் பக்கத்திலேயே மெலிந்த ஒன்று, அதற்கும் பக்கத்தில் நிறமே இல்லாத பூனைமுடி. ஒரு துளையிலிருந்து இரண்டு மூன்றாக முளைக்க வேண்டிய இடத்தில் ஒற்றை முடி நிற்கும். முடி கொட்டிப்போகிறது என்று நாம் சொல்கிறோம். உண்மையில் அங்கே நடப்பது சிறுத்துப்போவது.

தலைமுடி ஒவ்வொன்றும் இரண்டு முதல் ஆறு ஆண்டு வளரும், மூன்று மாதம் போல ஓய்வெடுக்கும், உதிரும், மறுபடி முளைக்கும். உடலில் ஓடும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை, 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்ற நொதி அதைவிட வீரியமான டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனாக மாற்றுகிறது. மருத்துவர்கள் சுருக்கமாக டி.எச்.டி. என்பார்கள். பரம்பரையாகவே இதற்கு இளகிப்போகும் மயிர்க்கால்களில், டி.எச்.டி. வளரும் பருவத்தைச் சுற்றுக்குச் சுற்று வெட்டிக் குறைக்கிறது. ஆறு ஆண்டு வளர வேண்டிய முடி ஓராண்டில் ஓய்வுக்குப் போகிறது. பிறகு சில மாதங்களிலேயே. மயிர்க்காலும் சுருங்குகிறது. விந்தை என்னவென்றால், இதே டி.எச்.டி.தான் முகத்தில் தாடியைத் தடிக்க வைக்கிறது. பின்தலை முடியை அது ஒன்றும் செய்வதில்லை. பின்தலை முடியை எடுத்து வழுக்கையில் நட்டாலும், அது தன் பழைய குணத்தோடேயே வளர்கிறது என்று 1950-களில் நியூயார்க் தோல் மருத்துவர் நார்மன் ஓரன்ட்ரைக் காட்டினார். இன்றைய முடி நடும் சிகிச்சைக்கு அடிப்படை அதுதான்.

ஆண் ஹார்மோனுக்கும் வழுக்கைக்கும் தொடர்பு உண்டு என்பதைப் பழைய காலத்திலேயே கவனித்திருக்கிறார்கள். விதை நீக்கப்பட்டவர்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்று கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வழங்கும் குறிப்பு ஒன்று இருக்கிறது. அதை அறிவியலாக்கியவர் அமெரிக்க உடற்கூறியல் ஆய்வாளர் ஜேம்ஸ் ஹாமில்டன். பருவமடையும் முன்பே விதை நீக்கப்பட்டவர்களை அவர் ஆராய்ந்தார். அவர்களுக்கு வழுக்கை இல்லை. அவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தபோது, குடும்பத்தில் வழுக்கை உள்ளவர்களுக்கு மட்டும் முடி குறையத் தொடங்கியது. ஹார்மோனை நிறுத்தியதும் வழுக்கை அத்துடன் நின்றது. ஆனால் போன முடி திரும்பவில்லை. 1942-இல் அவர் எழுதிய இந்த முடிவுதான் இன்றைய மாத்திரையின் எல்லையையும் சொல்லிவிடுகிறது.

ஹார்மோனே காரணம் என்று தெரிந்தும் அதைக் குறிவைக்கும் மருந்து அரை நூற்றாண்டுக்கு வரவில்லை. டெஸ்டோஸ்டிரோனைக் குறைத்தால் ஆண் உடலே குலையும். வழுக்கைக்காக யாரும் அந்த விலை கொடுக்க மாட்டார்கள். டெஸ்டோஸ்டிரோனைத் தொடாமல் டி.எச்.டி.யை மட்டும் குறைக்க முடியும் என்று காட்டியது, டொமினிக்கன் குடியரசின் தென்மேற்கில் லாஸ் சாலினாஸ் என்ற சிற்றூர்.

அந்த ஊரில் சில குடும்பங்களில் குழந்தைகள் பிறக்கும்போது பெண்ணாகத் தெரிவார்கள். பெண் பெயர் வைத்து, பெண்ணாகவே வளர்ப்பார்கள். பன்னிரண்டு வயதை ஒட்டிக் குரல் உடையும், தோள் அகலும், ஆண் உறுப்பு வளரும். அதன்பின் பெரும்பாலானவர்கள் ஆணாகவே வாழ்ந்தார்கள். நியூயார்க்கில் உள்ள கார்னெல் மருத்துவக் கல்லூரியிலிருந்து ஜூலியன் இம்பெராட்டோ-மெக்கின்லி என்ற ஹார்மோன் மருத்துவர் தம் குழுவுடன் அங்கே போய் இவர்களை ஆராய்ந்தார். டெஸ்டோஸ்டிரோன் இவர்களுக்குச் சரியான அளவில் சுரந்தது. அதை டி.எச்.டி.யாக மாற்றும் நொதியில்தான் பரம்பரைக் குறை. கருவில் ஆண் குழந்தையின் வெளியுறுப்பை உருவாக்க டி.எச்.டி. வேண்டும், பருவ வயதில் உடலைத் திருப்ப டெஸ்டோஸ்டிரோனே போதும். 1974 டிசம்பரில் சயன்ஸ் இதழில் இந்த ஆய்வு வெளிவந்தது. டாலஸ் நகரில் இன்னொரு குழுவும் தனியாக இதே குறைபாட்டை அதே ஆண்டில் கண்டறிந்திருந்தது.

வளர்ந்த பிறகு இந்த ஆண்களின் உடலில் மருத்துவர்கள் கவனித்த செய்திகள் மூன்று. புராஸ்டேட் சுரப்பி சிறியதாகவே இருந்தது. தாடி மிகக் குறைவு. முன்நெற்றி ஏறவே இல்லை.

1975-இல் மெர்க் நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவுக்கு வந்த ராய் வாகெலோஸின் கண்ணில் இந்த ஆய்வு பட்டது. அவரை ஈர்த்தது நெற்றி அல்ல, புராஸ்டேட். வயதான ஆண்களுக்கு அந்தச் சுரப்பி வீங்கிச் சிறுநீரை அடைக்கும்போது அறுவை சிகிச்சைதான் கதி என்றிருந்த காலம் அது. அந்த நொதியைத் தடுக்கும் ஒரு மூலக்கூறை மெர்க் வேதியியலாளர்கள் தேடினார்கள். பல ஆண்டு உழைப்பில் கிடைத்தது ஃபினாஸ்டரைடு. 1992-இல் அது 5 மில்லிகிராம் மாத்திரையாகப் புராஸ்டேட் வீக்கத்துக்கு வந்தது. வழுக்கைக்கான 1 மில்லிகிராம் அதற்குப் பின்னால் வந்தது. இந்த மருந்தின் வரலாற்றைச் சொல்கிறவர்கள் நிறுவனத்தின் சாமர்த்தியத்தைத்தான் அதிகம் பேசுகிறார்கள். தங்கள் குழந்தைகளின் உடலை அந்நிய மருத்துவர்களுக்குத் திறந்துகாட்டிய லாஸ் சாலினாஸ் குடும்பங்களின் பங்கு அதைவிடப் பெரிது.

மூலக்கூறு செயல்படும் விதம் நுட்பமானது. ஃபினாஸ்டரைடின் உருவம் டெஸ்டோஸ்டிரோனை ஒத்தது. நொதி ஏமாந்து அதைப் பிடிக்கும். பிடித்தபின் விடுபட முடியாமல் முடங்கும். உடல் புதிய நொதியை உருவாக்கினால்தான் உண்டு. அதனால்தான் மருந்து ஆறு மணி நேரத்தில் பாதியாகக் கரைந்துபோனாலும் நாளுக்கு ஒரு மாத்திரை போதுமானதாக இருக்கிறது. ரத்தத்தில் டி.எச்.டி. ஏறக்குறைய 70 சதவீதம் குறைகிறது. மாத்திரையை நிறுத்தினால் இரண்டு வாரத்தில் டி.எச்.டி. பழைய அளவுக்கு வந்துவிடும். காத்துவைத்த முடியும் ஓராண்டுக்குள் கைவிட்டுப் போகும். எத்தனை காலம் சாப்பிட வேண்டும் என்ற கேள்விக்கு, முடி வேண்டும் என்று நினைக்கும் காலம் முழுவதும் என்பதே நேர்மையான பதில்.

அதிகம் சாப்பிட்டால் அதிகம் வளருமா? வளராது. வெவ்வேறு அளவுகளில் மருந்து கொடுத்து உச்சந்தலைத் தோலில் டி.எச்.டி. எவ்வளவு குறைகிறது என்று அளந்திருக்கிறார்கள். 0.2 மில்லிகிராமில் சுமார் 57 சதவீதம், 1 மில்லிகிராமில் 64, 5 மில்லிகிராமில் 69. ஐந்து மடங்கு மருந்துக்கு ஐந்து சதவீதம்தான் கூடுதல். ஜப்பானில் இந்த மருந்து 2005-இல் அனுமதி பெற்றபோது 0.2 மில்லிகிராம் மாத்திரையும் சேர்ந்தே வந்தது. இன்னும் வலுவான டூடாஸ்டரைடு, நொதியின் இரு வகைகளையும் தடுத்து ரத்த டி.எச்.டி.யை 90 சதவீதத்துக்கு மேல் குறைக்கும். தென் கொரியாவும் ஜப்பானும் அதை வழுக்கைக்கு அனுமதித்திருக்கின்றன. அமெரிக்காவில் புராஸ்டேட்டுக்கு மட்டும்தான் அனுமதி. உடலில் அது வாரக்கணக்கில் தங்கும் என்பதால், ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்தினாலும் உடனே வெளியேறாது.

பணத்தை மிச்சம் பிடிக்க 5 மில்லிகிராம் மாத்திரையை வாங்கி நான்காக நறுக்கிச் சாப்பிடும் வழக்கம் உலகம் முழுவதும் உண்டு. சமையலறைக் கத்தியால் வெட்டும்போது மாத்திரையின் மேல்பூச்சு உடைந்து தூள் சிதறும். மேசையில் கிடக்கும் அந்தத் தூளை வீட்டில் துடைப்பது யார் என்று யோசிக்க வேண்டும். கர்ப்பமாக இருக்கும் பெண்ணோ, கருத்தரிக்க வாய்ப்புள்ள பெண்ணோ உடைந்த ஃபினாஸ்டரைடு மாத்திரையைக் கையால் தொடக் கூடாது என்று மருந்துக் குறிப்பிலேயே எச்சரிக்கை இருக்கிறது. தோல் வழியே உள்ளே போனால், வயிற்றில் இருப்பது ஆண் குழந்தையாக இருக்கும் பட்சத்தில், லாஸ் சாலினாஸ் குழந்தைகளுக்குப் பரம்பரைக் குறை செய்ததை இந்த மருந்து செய்துவிடக்கூடும். முழு மாத்திரையில் மேல்பூச்சு இருப்பதால் அந்தப் பயம் இல்லை. இதே காரணத்துக்காக, ஃபினாஸ்டரைடு சாப்பிடுகிறவர்கள் கடைசி மாத்திரைக்குப் பின் ஒரு மாதமும், டூடாஸ்டரைடு சாப்பிடுகிறவர்கள் ஆறு மாதமும் ரத்ததானம் செய்யக் கூடாது என்று அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் விதி வைத்திருக்கிறது. அந்த ரத்தம் ஒரு கர்ப்பிணிக்குப் போய்ச் சேரலாம்.

இந்தச் சின்ன மாத்திரை விளையாட்டு உலகத்தையும் ஆட்டிவைத்தது. 2005 முதல் 2008 வரை ஃபினாஸ்டரைடு ஊக்கமருந்து தடைப் பட்டியலில் இருந்தது. மருந்து சக்தி தரும் என்பதற்காக அல்ல. சிறுநீரில் வேறு ஊக்கமருந்தின் தடயத்தை இது மறைத்துவிடலாம் என்பதற்காக. பனிப்பாதையில் தலை முன்னே இருக்கச் சறுக்கிப் பாயும் ஸ்கெலிட்டன் போட்டியில் அமெரிக்க வீரர் ஸாக் லண்ட் பல ஆண்டுகளாக வழுக்கைக்காக இதைச் சாப்பிட்டுவந்தார். படிவங்களில் ஒளிக்காமல் எழுதியும் வந்தார். மருந்து புதிதாகப் பட்டியலில் சேர்ந்ததைக் கவனிக்கத் தவறிவிட்டார். 2006 டுரின் குளிர்கால ஒலிம்பிக் தொடங்கும் நேரத்தில் அவருக்கு ஓராண்டுத் தடை விதிக்கப்பட்டது. அவர் நேர்மையான வீரர் என்று நடுவர் மன்றமே ஏற்றுக்கொண்டது. விதி விதிதான் என்று ஒலிம்பிக்கை இழந்தார். அடுத்த ஆண்டு பிரேசிலின் கால்பந்து நட்சத்திரம் ரொமாரியோவும் இதே மருந்தால் சோதனையில் சிக்கினார். பரிசோதனை முறைகள் மேம்பட்டதும் 2009-இல் மருந்து பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. லண்டின் இழப்பை யாரும் ஈடுசெய்யவில்லை.

இனி, எல்லோரும் தயங்கிக் கேட்கும் கேள்வி. ஆண்மை குறையுமா?

அனுமதிக்கு முந்தைய ஆய்வுகளில், ஆசை குறைவது, விறைப்பு குறைவது, விந்து குறைவது ஆகியவற்றில் ஏதாவது ஒன்றைச் சொன்னவர்கள் மருந்துக் குழுவில் 3.8 சதவீதம், வெற்று மாத்திரைக் குழுவில் 2.1 சதவீதம். நூறு பேருக்கு இரண்டு பேர் கூடுதல். பெரும்பாலோருக்கு மருந்தை நிறுத்தியதும் சரியானது. தொடர்ந்து சாப்பிட்டும் பலருக்குச் சரியானது. ஆனால் மருந்து சந்தைக்கு வந்தபின், நிறுத்தி மாதங்கள் ஆனபிறகும் பிரச்சினை தீரவில்லை என்று புகார்கள் வந்தன. 2012-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இதை மருந்துக் குறிப்பில் சேர்க்க வைத்தது.

பயமும் இதில் பங்கு வகிக்கிறது. 2007-இல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வில், புராஸ்டேட் வீக்கத்துக்கு 5 மில்லிகிராம் ஃபினாஸ்டரைடு சாப்பிட்டவர்களை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவிடம் பாலியல் பக்கவிளைவு வரக்கூடும் என்று முன்கூட்டியே சொன்னார்கள், மற்றவர்களிடம் சொல்லவில்லை. சொல்லப்பட்டவர்களில் 43.6 சதவீதம் பேர் பக்கவிளைவைத் தெரிவித்தார்கள். சொல்லப்படாதவர்களில் 15.3 சதவீதம். மருந்து ஒன்றே, அளவு ஒன்றே. இதைக் காட்டி, புகார் சொல்கிறவர்கள் எல்லோரும் மனப்பிரமையில் இருக்கிறார்கள் என்று முடிவுகட்டுவது கொடுமை. எதிர்பார்ப்பு உடலை மாற்றும் என்பதற்கு இந்த ஆய்வு சான்று. மருந்து யாருக்கும் தீங்கு செய்யாது என்பதற்கு அல்ல. துன்பப்படும் ஒருவரிடம் ‘எல்லாம் மனசுதான்’ என்று சொல்லி அனுப்பும் மருத்துவர் தம் கடமையில் பாதியைத்தான் செய்கிறார்.

மனநலம் பற்றிய கேள்வி இதைவிடக் கனமானது. அந்த நொதி மூளையிலும் வேலை செய்கிறது. மனத்தை அமைதிப்படுத்தும் அல்லோபிரெக்னனலோன் போன்ற பொருள்கள் உருவாவதில் அதற்குப் பங்கு உண்டு. ஆகவே மனச்சோர்வுப் புகார்களை உடலியல் ரீதியாகத் தள்ளிவிட முடியாது. ஐரோப்பிய மருந்துகள் முகமையின் பாதுகாப்புக் குழு 2025 மே மாதம் தன் ஆய்வை முடித்து, ஃபினாஸ்டரைடின் பக்கவிளைவுகளில் தற்கொலை எண்ணமும் ஒன்று என்று உறுதிசெய்தது. முகமையின் பதிவேட்டில் அந்த மருந்தோடு தொடர்புபடுத்தி வந்த 313 புகார்களைக் குழு எடுத்துப் பார்த்தது. அவற்றில் பெரும்பாலானவை வழுக்கைக்காகச் சாப்பிட்டவர்களிடமிருந்து வந்தவை. மொத்தப் பயன்பாடு சுமார் 27 கோடி நோயாளி-ஆண்டுகள். புகாராகப் பதிவானவை மட்டுமே இந்த 313 என்பதால், எத்தனை பேருக்கு ஒருவருக்கு வரும் என்று கணக்கிட முடியாது. மருந்துக் குறிப்பிலும் ‘நிகழும் வீதம் அறியப்படவில்லை’ என்றே எழுதுகிறார்கள். மருந்தின் நன்மை அதன் தீமையைவிட அதிகம் என்ற முடிவில் குழு மாறவில்லை. 1 மில்லிகிராம் மாத்திரைப் பெட்டிக்குள் நோயாளிக்கான எச்சரிக்கை அட்டை வைக்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னது. மனநிலை மாறினால் மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

வழுக்கை உயிரைக் கொல்லும் நோய் அல்ல. புற்றுநோய் மருந்தின் பக்கவிளைவைச் சகிக்கும் மனிதர் முடிக்காக அதைச் சகிக்க வேண்டியதில்லை. அதே சமயம், இருபத்திரண்டு வயதில் பெண் பார்க்கப் போகவும் கூச்சப்பட்டு, போட்டோவுக்கு நிற்காமல் ஒதுங்கும் பையனின் வேதனையை அழகு மோகம் என்று ஒதுக்குவதும் நியாயம் இல்லை. மாத்திரை வேண்டுமா என்று தீர்மானிக்கும் உரிமை அவனுடையது. அவனுக்கு முழுத் தகவலும் கிடைக்க வேண்டும். இந்தியாவில் ஃபினாஸ்டரைடு மருத்துவர் சீட்டின் பேரில் மட்டுமே விற்க வேண்டிய மருந்து. மெடிக்கல் ஷாப்பில் பெயரைச் சொல்லி அட்டை அட்டையாக வாங்கும்போது அந்தப் பேச்சு நடப்பதே இல்லை. ஏற்கெனவே மனச்சோர்வு இருந்ததா, குழந்தைக்குத் திட்டமிடுகிறாரா, வீட்டில் கர்ப்பிணி இருக்கிறாரா என்று கவுன்டரில் யாரும் கேட்பதில்லை.

கடந்த சில ஆண்டுகளில் இன்னொரு மாத்திரையும் தோல் மருத்துவர்களின் சீட்டில் ஏறியிருக்கிறது: மினாக்சிடில். தலையில் தடவும் திரவமாக எல்லோருக்கும் தெரிந்த அதே மருந்து. அது பிறந்ததே மாத்திரையாகத்தான். அப்ஜான் நிறுவனம் கடுமையான ரத்த அழுத்தத்துக்காக உருவாக்கிய மினாக்சிடில், 1979-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதற்கு முன்பே, கொலராடோ பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனைகளில், சாப்பிட்டவர்களுக்கு நெற்றியிலும் கன்னத்திலும் கையிலும் முடி முளைப்பதைக் கண்டார்கள். தோல் மருத்துவர் குந்தர் கான் அதைத் தடவும் மருந்தாக்கினால் என்ன என்று யோசித்தார். 1988-இல் தடவும் திரவம் வந்தது.

திரவத்தைத் தினம் இரண்டு வேளை தடவுவது பலருக்கு அலுப்பு. தலை பிசுபிசுக்கும், தோல் அரிக்கும். ஆஸ்திரேலிய தோல் மருத்துவர் ராட்னி சின்க்ளேர் மிகக் குறைந்த அளவில் மாத்திரையாகவே கொடுத்துப் பார்த்தார். பெண்களிடம் செய்த அவரது ஆய்வு 2018-இல் வெளியானது. ரத்த அழுத்தத்துக்கு 10 முதல் 40 மில்லிகிராம் வரை கொடுக்கும் மருந்தை, முடிக்கு ஆண்களிடம் பெரும்பாலும் 2.5 முதல் 5 மில்லிகிராமுக்குள் நிறுத்துகிறார்கள். ஃபினாஸ்டரைடு போல ஹார்மோனை இது தொடுவதில்லை. மயிர்க்காலில் உள்ள ஒரு நொதி இதைச் செயல்வடிவத்துக்கு மாற்றுகிறது. வளரும் பருவம் நீள்கிறது. அந்த நொதி குறைவாக உள்ளவர்களுக்குத் திரவம் பலன் தருவதில்லை. தொடங்கிய முதல் வாரங்களில் முடி கூடுதலாக உதிர்வதைக் கண்டு மிரள்கிறவர்கள் உண்டு. ஓய்வில் இருந்த பழைய முடியைப் புதியது தள்ளுவதால் வரும் உதிர்வு அது.

மாத்திரை திரவத்தைவிட உயர்ந்ததா? பிரேசிலில் 90 ஆண்களை வைத்து நடந்த ஆய்வு 2024-இல் வெளியானது. தினம் 5 மில்லிகிராம் மாத்திரை ஒரு தரப்புக்கு, இரு வேளையும் 5 சதவீதத் திரவம் மறு தரப்புக்கு. ஆறு மாதம் போல நடந்த அந்த ஆய்வில், முடி எண்ணிக்கையில் மாத்திரை முந்தவில்லை. வசதியே அதன் சாதகம்.

பக்கவிளைவு எப்படி? பல நாடுகளில் 1,404 பேரைத் தொகுத்துப் பார்த்த ஓர் ஆய்வில், 15 சதவீதம் பேருக்கு முகம், கை என்று வேண்டாத இடங்களில் முடி வளர்ந்தது. தலைசுற்றல், கால் வீக்கம், இதயப் படபடப்பு ஆகியவை ஒவ்வொன்றும் இரண்டு சதவீதத்துக்குள். அதிக அளவில் இதயத்தைச் சுற்றி நீர் கோக்கலாம் என்ற கடும் எச்சரிக்கை ரத்த அழுத்த மாத்திரையின் குறிப்பில் இன்றும் இருக்கிறது. வழுக்கைக்கு இந்த மாத்திரையை அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அனுமதிக்கவில்லை. மருத்துவர்கள் தங்கள் பொறுப்பில் எழுதுகிறார்கள். இதய நோயோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் தாமாகத் தொடங்கவே கூடாது. மினாக்சிடில் உடல் முழுவதும் வேலை செய்யும் மருந்து என்பதற்கு ஸ்பெயினில் 2019-இல் நடந்த விபரீதம் சாட்சி. வயிற்று எரிச்சலுக்கான மருந்து என்ற பெயரில் தவறாக மினாக்சிடில் பொட்டலமாகி, பச்சிளம் குழந்தைகளுக்குச் சிரப்பாகப் போய்ச் சேர்ந்தது. பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு நெற்றி, கன்னம், முதுகு எங்கும் முடி முளைத்தது. பெற்றோர் நடுங்கிப்போனார்கள். மருந்து நின்றதும் முடி படிப்படியாக உதிர்ந்தது.

ஃபினாஸ்டரைடு சாப்பிடுகிறவர்கள் ஐம்பதை நெருங்கும்போது ஒரு கணக்கு முக்கியமாகிறது. புராஸ்டேட் புற்றுநோயைச் சந்தேகிக்க மருத்துவர்கள் பார்க்கும் பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனையின் அளவை இந்த மருந்து ஏறக்குறைய பாதியாக்கும். அறிக்கையில் 2.5 என்று வந்தால் மருத்துவர் அதை 5 என்று எடுத்துக்கொள்ள வேண்டும். முடிக்கான மாத்திரைதானே என்று சிறுநீரியல் மருத்துவரிடம் சொல்லாமல் விட்டால், இருக்கும் ஆபத்து அறிக்கையில் தெரியாமல் போகும். ஏற்கெனவே தொடங்கிவிட்டவர்களாக இருந்தாலும், முதல் மாத்திரைக்கு முன் எடுத்த பி.எஸ்.ஏ. அளவு கையில் இருந்தால் அதையும், மாத்திரையின் பெயரையும் தேதியையும், பரிசோதனைக்குப் போகும் நாளில் எழுதி எடுத்துச் செல்வது நல்லது.